சோளப்பொரி தப்பாத வேலி

கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் வெடித்த மறுநாள், துறைமுகத்துக் கட்டுப்பாட்டு அறையில் முதல் சண்டை எண்ணெயைப் பற்றி நடக்கவில்லை. சட்டையைப் பற்றி நடந்தது. பேரிடர் ஆணையர் எல்லாருக்கும் கையில்லாத மஞ்சள் சட்டை தைத்து வைத்திருந்தார். அவரவர் பொறுப்பு முதுகில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: களம், பண்டகம், தகவல், ஆணையர். கடைசியில் உள்ளதை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக அடிக்கச் சொல்லியிருந்தாராம்; அச்சகத்துக்காரன் சமத்துவவாதி போலிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே அளவில் அடித்து அனுப்பிவிட்டான். வேறு சட்டை வரும்வரை கூட்டம் தொடங்கவில்லை. எண்ணெய் மட்டும் தொடங்கிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரியவேண்டுமானால் அவர் திரும்பிக் காட்ட வேண்டும். அந்த அறையில் முதுகு காட்ட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

‘களம்’ என்ற சட்டைக்குள் இருந்தவள் கடற்பொறியாளர். கடலில் இறங்கிச் செய்யும் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு இருந்தது ஒரே கவலை. காற்று திசை மாறிவிட்டது. எண்ணெய்ப் படலம் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மதியம் கடல் ஏறும்போது அது நேராகக் கழிமுகத்துக்குள் நுழையும்.

கைவசம் இருந்த மிதவை வேலி ஒரே ஓர் இடத்துக்குத்தான் காணும். அந்த இடம் கழிமுகம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மணலில் எண்ணெய் ஒதுங்கினால் மண்வெட்டியால் அள்ளிவிடலாம். கழி உள்ளே போய்த் தெற்கு, வடக்கு என்று இரண்டு கிளையாகப் பிரிகிறது; அதற்குள் போனால் அலையாத்தி மரங்களின் வேரில் ஏறிக்கொள்ளும். அத்தனை வேரையும் துடைக்கிற துணி உலகத்தில் எங்கும் விற்பதில்லை. மீன் குஞ்சும் இறாலும் நண்டும் அங்கேதான் உருவாகின்றன. கழியின் இரு கரையிலும் இருக்கும் படகுக்காரக் குடும்பங்கள் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. அவள் பிறந்த வீடும் அதில் ஒன்று. அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். இன்றைக்கு வேலி கட்டும் படகையும் அவன்தான் ஓட்டுகிறான்.

மிதவை வேலி என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே காற்றடைத்த ஆரஞ்சுக் குழாய், கீழே தண்ணீருக்குள் தொங்கும் தடித்த ரப்பர் துணி. படகுக்காரர்கள் அதைப் பாவாடை என்றார்கள். வித்தை அதைக் கட்டுகிற விதத்தில் இருக்கிறது. ஓடும் தண்ணீருக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்திக் குறுக்கே கட்டினால், ஓட்டம் வேகம் பிடித்ததும் எண்ணெய் குனிந்து பாவாடைக்கு அடியில் போய்விடும். சாய்த்துக் கட்டினால் வேலியோடு வழுக்கிக்கொண்டே ஓரத்துக்கு வரும். அங்கே மெஷினை வைத்து உறிஞ்சிக்கொள்ளலாம். மேலதிகாரியைச் சமாளிக்கிற மாதிரிதான். எதிரே நின்று தடுக்கக் கூடாது. பக்கவாட்டில் நடத்திக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார்த்திவிட வேண்டும்.

விடிந்ததிலிருந்து சாய்த்துக் கட்டி முடித்துவிட்டு அண்ணன் போன் செய்தான்.

“என்ன மேடம், நீங்க சொன்ன மாதிரி சாச்சுக் கட்டியாச்சு. இந்தப் பாவாடைய விரிக்கறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு. உங்க அண்ணிகூட ஒருநாள் பூரா சண்ட போட்டாலும் இவ்வளவு அலுப்பு வராது.”

“அண்ணி பக்கத்துல இருக்காங்களா?”

“இருந்தா இப்படிப் பேசுவேனா?”

“ரேடியோலதான் மேடம்னு கூப்பிடணும். போன்ல எதுக்கு?”

“பழகிக்கறேன். இல்லன்னா உங்க ஆணையர் காதுபட ‘ஏய் மூக்கொழுகி’ன்னு கூப்பிட்டுடுவேன்.”

மூன்று நாளில் முதல்முறையாக அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதே பின்னாலிருந்து ஆணையரின் குரல் வந்தது.

“இது ஏன் கோணலா இருக்கு?”

சுவரில் இருந்த பெரிய திரையில் டிரோன் கேமரா கழிமுகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீரில் ஆரஞ்சுக் கோடு ஒரு கரையின் பாறையில் தொடங்கி, எதிர்க்கரையில் வெகு உள்ளே தள்ளி மணல் திட்டில் முடிந்தது.

“அது கோணல் இல்ல சார், சாய்வு. தண்ணியோட ஓட்டத்துக்காக.”

“எனக்குச் சாய்வும் தெரியும், கோணலும் தெரியும். இது கோணல். அமைச்சர் ஹெலிகாப்டர்ல வர்றார். மேலேந்து பாத்தா என்ன நினைப்பார்? குடிச்சிட்டுக் கட்டினான்னு நினைக்க மாட்டார்?”

“நேரா கட்டினா எண்ணெய் அடில போயிடும் சார்.”

ஆணையர் புன்னகைத்தார். தன்னுடைய நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டமிட்ட படத்தைக் கட்டைவிரலால் காட்டினார். சென்ற வருடத்து ஒத்திகை. துறைமுகத்தின் உள்தொட்டியில், தட்டில் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீரில், மிதவை வேலியைக் கம்பி பிடித்தாற்போல் நேராகக் கட்டியிருந்தார்கள். ஒத்திகைக்காக எண்ணெயைக் கொட்ட அனுமதி கிடையாது. அதனால் மூட்டை மூட்டையாகச் சோளப்பொரியைக் கொட்டினார்கள். பொரி மிதந்து வந்து வேலியில் முட்டி, வெட்கப்பட்டு நின்றது. அதற்கு மேலிடத்திலிருந்து கேடயம் ஒன்று வந்தது. மிச்சப் பொரியைப் பண்டகப் பிரிவு வாரக்கணக்கில் தின்றது.

“அன்னிக்கு நேராத்தானே போட்டோம்? ஒரே ஒரு பொரி தப்பிச்சுதா?”

“அது பொரி சார்.”

“பொரியோ எண்ணெயோ. மிதக்கறது மிதக்கறதுதானே?”

“பொரி குனியாது சார். எண்ணெய் குனியும். அன்னிக்குத் தண்ணி அசையவே இல்ல. இங்க கடல் ஏறும்போது உள்ள பிச்சுக்கிட்டுப் போகும்.”

இந்த இடத்தில் ‘ஆலோசகர்’ என்று முதுகில் எழுதிய ஒருவர் தொண்டையைச் செருமினார். எண்ணெய்க் கம்பெனி அனுப்பிய செய்தித் தொடர்பாளர். அறையில் எல்லாரும் அவரை ‘வாய்’ என்றுதான் சொன்னார்கள். வந்த அன்றே, இனி யாரும் ‘எண்ணெய்க் கசிவு’ என்று சொல்லக் கூடாது, ‘நிகழ்வு’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர். கறுப்பு என்ற வார்த்தையும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ‘அடர்நிறம்’. செத்துக் கரையொதுங்கிய பறவைகளை ‘பாதிப்புக்குள்ளான உயிரினங்கள்’ என்றார். பறவைகள் அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை.

“மேடம், நீங்க சொல்ற விஞ்ஞானமெல்லாம் சரிதான்,” என்றார் வாய். “ஆனா மக்கள் பாக்கப்போறது ஒரே ஒரு படம். நேர்கோடுன்னா கட்டுப்பாட்டுல இருக்குன்னு அர்த்தம். சாஞ்சிருந்தா, தடுமாறறாங்கன்னு அர்த்தம்.”

“கொஞ்ச நேரம்தானேம்மா,” என்றார் ஆணையர், பெருந்தன்மையோடு. “அமைச்சர் கடல் ஏறறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுவார். அப்புறம் நீங்க எப்படி வேணா திருப்பிக்கோங்க. வட்டமாகூடக் கட்டிக்கோங்க, நான் கேக்க மாட்டேன்.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மனதுக்குள் கணக்குப் போட்டாள். அமைச்சர் வந்து போனதும் திருப்பிக் கட்ட நேரம் இருந்தது. கணக்கில் தப்பில்லை. அமைச்சர் சொன்ன நேரத்துக்கு வருவார் என்று வைத்துக்கொண்டதில்தான் தப்பு. இருபது வருட அரசு வேலைக்குப் பிறகும் ஒருத்தி அப்படி நம்பினாள் என்றால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது. ‘முடியாது’ என்று சொல்லப் பயந்தவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

“சரி சார்,” என்றாள்.

ரேடியோவில் சொன்னபோது அண்ணன் முதலில் சிரித்தான். பிறகு அவள் விளையாடவில்லை என்று புரிந்தது.

“எந்த மடையன் சொன்னான் நேரா கட்டச் சொல்லி?”

“இது எல்லாருக்கும் கேக்கும்.”

“கேக்கட்டும். கடலுக்குப் பொறந்தவன் எவனாவது சொல்லுவானா இத?”

அறையில் இருந்தவர்கள் ஒட்டுமொத்தமாகக் கூரையைப் பார்த்தார்கள். ஆணையர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டார்.

“கட்டுங்க,” என்றாள் அவள். “அமைச்சர் போனதும் திருப்பிடலாம்.”

“சரிங்க மேடம்,” என்றான் அண்ணன். காலையில் இருந்த கேலி அதில் இல்லை.

வேலி நேரானது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, திறப்புவிழா ரிப்பன் மாதிரி. டிரோன் படம் திரையில் வந்ததும் அறையில் கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். வாய் அந்தப் படத்தை உடனே எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பி வைத்தார்.

அமைச்சர் வரவில்லை.

முதலில் தொலைக்காட்சிப் பேட்டி என்றார்கள். பிறகு அவருடைய உதவியாளர் போனில் வந்து, ரப்பர் பூட்ஸ் தயாரா என்று கேட்டார். தயார் என்றதும், புதிதா பழசா என்று கேட்டார். புதிது என்றதும் மறுமுனையில் கவலை. “பளபளன்னு இருந்தா நல்லா இருக்காதே. கொஞ்சம் சேறு இருக்கட்டும். ரொம்ப வேணாம்.” பூட்ஸுக்கு அளவாகச் சேறு பூச ஓர் உதவிப் பொறியாளர் அனுப்பப்பட்டார். நாலு வருடம் பொறியியல் படித்தவர். நன்றாகவே பூசினார்.

இதற்கிடையில் கடலுக்கு யாரும் தகவல் அனுப்பவில்லை. அது தன் வேளைக்கு ஏறத் தொடங்கியது.

“தண்ணி திரும்பிடுச்சு,” என்றான் அண்ணன் ரேடியோவில். “கயிறு முறுக்கேறுது. பாவாடை தூக்குது. இப்பவே அவுத்துச் சாய்க்கணும், அப்புறம் படகால இழுக்க முடியாது.”

அவள் ஆணையரிடம் போனாள். “சார், இனி தாங்காது.”

“அமைச்சர் ஹெலிகாப்டர்ல ஏறிட்டார்.”

“எண்ணெய் வேலிகிட்ட வந்துடுச்சு சார்.”

“வரட்டும். வந்து நிக்கட்டும். அதுக்குத்தானே வேலி?”

திரையில் ஆரஞ்சுக் கோட்டுக்கு வெளியே பழுப்பும் கறுப்புமாகப் படலம் ஒட்டி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டுக்கு உள்பக்கம், பச்சைத் தண்ணீரில், ஒரு கறுப்பு நூல் தெரிந்தது. நூல் கயிறானது. பக்கத்தில் இன்னொன்று.

“அது நிழல்,” என்றார் வாய்.

“எதோட நிழல்?”

“வேலியோட நிழல்.”

“சூரியன் உச்சில இருக்கு.”

வாய் கொஞ்சம் யோசித்தார். “அடர்நிற நீரோட்டமா இருக்கலாம்.”

அவளுக்குள் ஏதோ அறுந்தது என்று சொல்ல முடியாது. அறுவதற்கு மூன்று நாளாக எதுவும் மிச்சமில்லை. மேஜையில் இருந்த ரேடியோவை எடுத்தாள். “அண்ணே, அவுத்துவிடு. தெக்க வடக்க ரெண்டையும் காப்பாத்த முடியாது. வடக்குக் கிளை வாயை மூடு. சாச்சுக் கட்டு. நான் வர்றேன்.”

“யாரைக் கேட்டு ஆர்டர் குடுக்கறீங்க?” ஆணையர் எழுந்தே விட்டார். “யாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?”

அவள் திரும்பி நடந்தாள். யார் என்பதை அவர் முதுகில் படித்துக்கொள்ளலாம்.

கழிக்குள் படகு போகும்போதே வாடை தொண்டையைப் பிடித்தது. தண்ணீருக்கு மேல் எண்ணெய், ஆறிப்போன பாகு மாதிரி மடிப்பு மடிப்பாக நகர்ந்தது. துடுப்பில் பட்டால் துடுப்பு கனத்தது. தெற்குக் கிளையில் அது போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. சேற்றில் நட்டுக்கொண்டு நிற்கும் மூச்சுவேர்கள் தண்ணீர் மட்டம்வரை கறுப்புக் காலுறை போட்டிருந்தன. ஒரு நண்டு வேரில் ஏறிப் பார்த்து, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறியது.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. கயிற்றின் ஒரு முனையைக் கையில் திணித்தான். நாலு படகும் சேர்ந்து, ஓட்டத்துக்கு எதிராக எஞ்சின் அலற, வேலியை இழுத்து வடக்குக் கிளையின் வாயில் சாய்த்துக் கட்டின. உறிஞ்சி மெஷின் கொழகொழவென்று கறுப்பைக் குடிக்கத் தொடங்கியது. வடக்குக் கிளை தப்பியது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஒருமுறை சுற்றிவிட்டுப் போனது.

மெஷினுக்கு டீசல் தீரும் நிலை. வாங்கிவர இருவரும் மீன்பிடித் துறைக்குப் போனார்கள். அங்கே மேடை போட்டிருந்தது. மேடையில் ஆளுயரத்துக்கு அச்சடித்த படம்: பச்சைத் தண்ணீர், ஆரஞ்சு நேர்கோடு. படத்துக்கு முன்னால் அளவான சேறு பூசிய பூட்ஸில் அமைச்சர். பக்கத்தில் ஆணையர். கீழே கேமராக்கள், அவற்றுக்குப் பின்னால் இரு கரைப் படகுக்காரக் குடும்பங்கள்.

“கழிக்குள்ள ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போகல!” அமைச்சரின் குரலில் ஒலிபெருக்கி அதிர்ந்தது. “வதந்திய நம்பாதீங்க. தைரியமா மீன் பிடிங்க, தைரியமா வித்துடுங்க. நம்ம கழி நண்டத்தான் நான் இன்னிக்கு ராத்திரி சாப்பிடப் போறேன்!”

கூட்டத்தில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. மூன்று நாள் மூச்சைப் பிடித்திருந்தவர்கள் விட்ட மூச்சு. பெண்கள் கூடைகளைத் தூக்கத் தொடங்கினார்கள். அண்ணியும் தூக்கினாள். அவள் கூடையில் தெற்குக் கிளையில் வைத்த கூண்டுகளிலிருந்து எடுத்த நண்டுகள். சந்தைக்கு ஏற்றிப்போக வண்டி தயாராக நின்றது.

கடற்பொறியாளர் அந்தக் கூடையைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் இன்றைக்கு இவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். வேறு யார் வீட்டிலோ பிள்ளைகள் அந்த நண்டைத் தின்னும். வாயைத் திறந்தால் கழியின் பெயரே நாறிப்போகும். தப்பிய வடக்குக் கிளையின் மீனைக்கூட யாரும் தொட மாட்டார்கள். காலையில் நாலு பேருக்கு முன்னால் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையை இப்போது ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டும். விலையும் கூடியிருந்தது.

மேடையேறி மைக்கைப் பிடித்தாள். முழங்கைவரை எண்ணெய்.

“அந்தப் படம் காலைல எடுத்தது. இப்ப எண்ணெய் உள்ள இருக்கு. தெக்குக் கிளை பூரா போச்சு. வேலிய நேரா கட்டச் சொன்னது இந்த ஆணையர். தப்புன்னு தெரிஞ்சும் கட்ட வச்சது நான். தெக்குக் கிளைலேந்து எடுத்த எதையும் யாரும் விக்காதீங்க. திங்காதீங்க. புள்ளைங்கள தண்ணில எறக்காதீங்க.”

“மேடம் மூணு நாளா தூங்கல,” என்றார் ஆணையர், கேமராக்களைப் பார்த்து, ரொம்பக் கனிவாக. “பாவம், களைப்பு.” வாய் யாருக்கோ கண் காட்டினார். மைக் செத்தது.

“களைப்புன்னா கண்ணுல எண்ணெயா தெரியும்?” என்று கத்தினாள். மைக் இல்லாமலும் அது பின்வரிசைவரை கேட்டது.

கேட்டவர்கள் சந்தோஷப்படவில்லை. “எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போடறதுக்கா உன்னப் படிக்க வச்சாங்க?” என்றது ஒரு குரல். அண்ணி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “உனக்கு மாசமானா சம்பளம். எங்களுக்கு? அமைச்சரே ஒண்ணுமில்லங்கறார். உனக்கு மட்டும் எங்கேந்து வந்தது இவ்வளவு அக்கறை? காலைல எங்க போயிருந்தது?”



அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மனைவியின் கூடைக்குள் கையை விட்டு ஒரு பெரிய நண்டை எடுத்தான். காலெல்லாம் கட்டிய, கொழுத்த நண்டு. முகர்ந்து பார்த்தான். முகத்தைச் சுளிக்காமல் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனான்.

“ஐயா, ராத்திரி சாப்பிடறேன்னீங்களே. எதுக்கு ராத்திரிவரைக்கும்? இப்பவே எடுத்துக்கிட்டுப் போங்க. காசு வேணாம்.”

நண்டின் வயிற்றிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டி மேடை விரிப்பில் விழுந்தது. கேமராக்கள் எல்லாம் அமைச்சரின் கையைப் பார்த்தன. அந்தக் கை முன்னால் வரவே இல்லை. முதலில் மார்பில் கட்டிக்கொண்டது, பிறகு சட்டைப்பைக்குள் போனது, கடைசியில் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது.

“வாங்கிக்கோங்கய்யா,” என்றான் அண்ணன். “நீங்களே வாங்கலன்னா வேற எவன் வாங்குவான்?”

அமைச்சருக்கு அவசர வேலை வந்துவிட்டது. ஆணையருக்கும் வந்துவிட்டது. வாய் முதல்முறையாக மூடியிருந்தது.

அண்ணி மேடையில் விழுந்த சொட்டைப் பார்த்தாள். பிறகு கூடையைத் துறையின் ஓரத்துக்குக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். ஒவ்வொருத்தியாகக் கவிழ்த்தார்கள். யாரும் அழவில்லை. வாயில் வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது, எழுதினாலும் போதாது.

டீசல் கேனைப் படகில் ஏற்றும்போது பொறியாளரின் போன் அடித்தது. உடனடியாகப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறாள் என்று ஒரு குரல் வாசித்தது. மேற்படி, கீழ்ப்படி என்று இன்னும் என்னவோ வந்துகொண்டிருந்தது. அவள் அணைத்தாள்.

“வேல போச்சா?” என்றான் அண்ணன்.

“போச்சு.”

“காலைல போயிருக்கணும்.” எஞ்சினை முடுக்கினான். “முடியாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா காலைலயே போயிருக்கும். தெக்குக் கிளை இருந்திருக்கும்.”

“ஆமா.”

“ஆமான்னா ஆச்சா?”

“ஆகல.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மன்னிக்கிற பார்வை இல்லை அது. இன்னும் பல வருடம் திட்டுவதற்கு இடம்விட்டு வைத்த பார்வை.

“உறிஞ்சிக் குழாய்ல வேர் சிக்கி அடைச்சிருக்கு,” என்றான். “கைய உள்ள விட்டுத்தான் எடுக்கணும். உன் கைதான் சின்னது. குனி.”

அவள் குனிந்தாள்.